கடலில் கொட்டிய எண்ணெயும் கரையில் சேர்ந்த வைக்கோலும்

நெல் நாற்றங்காலில் கூண்டுப்புழு விழுந்தால் குடியானவர்கள் செய்யும் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. தேங்கிய நீரில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து, இரண்டு பேர் ஒரு கயிற்றை இரு முனையில் பிடித்து நாற்றின் மேல் இழுத்துச் செல்வார்கள். இலையில் தொங்கும் கூண்டுகள் நீரில் விழும். எண்ணெய்ப் படலத்தில் சிக்கிப் புழு சாகும். பிறகு மடையைத் திறந்து நீரை வடித்து விடுவார்கள். சிறு குவளை மண்ணெண்ணெய் எவ்வளவு தூரம் பரவுகிறது, எவ்வளவு மெல்லிய படலம் ஓர் உயிரைக் கொல்லப் போதுமானது என்பது இதைச் செய்து பார்த்த விவசாயிக்குத் தெரியும்.

கடலுக்கு மடை கிடையாது. அங்கே எண்ணெய் கொட்டினால் வடித்துவிட வழியில்லை.

பிலிப்பைன்ஸ் நாட்டில் 2023 பிப்ரவரி 28-ஆம் தேதி 'பிரின்சஸ் எம்ப்ரஸ்' என்ற எண்ணெய்க் கப்பல் மிண்டோரோ தீவின் நவுஹான் பகுதிக்கு அப்பால் மூழ்கியது. கப்பலில் இருந்த இருபது பேரும் காப்பாற்றப்பட்டார்கள். அதில் ஏற்றியிருந்த 8 லட்சம் லிட்டர் உலை எண்ணெய் கப்பலோடு கீழே போயிற்று. ஏறத்தாழ 400 மீட்டர் ஆழத்தில் கிடந்த கப்பலிலிருந்து அது சிறிது சிறிதாகக் கசிந்து மேலே வந்தபடி இருந்தது. மூழ்கிய கப்பலில் மிச்சமிருந்த எண்ணெயை வேற்று நாட்டுக் கப்பல்களையும் கருவிகளையும் கொண்டு வந்து எடுத்து முடிக்க ஜூன் மாதமாகி விட்டது. அதற்குள் எண்ணெய் மிண்டோரோவின் கிழக்குக் கரையைக் கறுப்பாக்கி, தெற்கே அன்டிக் மாகாணத்தின் கலுயா தீவுகளையும், மேற்கே பலாவான் கரையையும், வடக்கே வெர்டே தீவையும் தொட்டுவிட்டது.

வெர்டே தீவை ஒட்டிய நீரிணை சாதாரணக் கடல் அல்ல. லூசான் தீவுக்கும் மிண்டோரோவுக்கும் நடுவில் கிடக்கும் இந்த நீர்ப்பரப்பில், கரையோர மீன் வகைகள் உலகத்தில் வேறெங்கும் இல்லாத அளவு நெருக்கமாக இருக்கின்றன என்று கார்பென்டர், ஸ்பிரிங்கர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2005-இல் எழுதினார்கள். நெல்லுக்கு மரபு வளம் மிகுந்த இடங்கள் என்று சில மலைப்பகுதிகளைச் சொல்வதுண்டு அல்லவா? மீனுக்கு அப்படிப்பட்ட இடம் இது. விதைக்கிடங்கு என்றே சொல்லலாம். அந்தக் கிடங்கின் வாசலில்தான் தார் கொட்டியது.

உலை எண்ணெய் செய்யும் வேலை

பெட்ரோலும் டீசலும் கொட்டினால் பெரும்பகுதி ஆவியாகிப் போகும். உலை எண்ணெய் அப்படிப் போகாது. லேசான பகுதி முதல் சில நாளில் காற்றில் கலந்து மூக்கை அரிக்கும். மீதி, அலையில் அடிபட்டுக் கடல்நீரோடு கலந்து, குழைத்த சேறு போலக் கெட்டியாகிப் பல மடங்கு பருத்துவிடும். கரையில் மணலோடு சேர்ந்தால் கட்டி கட்டியாக உறையும். வெயிலில் இளகும், இரவில் இறுகும். மேல் மணலை வாரிக் கொட்டிய பிறகும் அடுத்த பெரிய அலையில் அடி மணலிலிருந்து மீண்டும் கிளம்பும்.

கண்டல் மரங்களின் கதை இன்னும் மோசம். இந்த மரங்கள் சேற்றில் நிற்பவை. சேற்றில் காற்று இல்லாததால் வேரை மேலே நீட்டி, அதில் உள்ள சிறு துளைகள் வழியாக மூச்சு விடுகின்றன. எண்ணெய் அந்தத் துளைகளை அடைத்துவிடும். வேர் மூச்சு முட்டுவது என்றால் என்ன என்பதை நீர் வடியாத வயலில் பயறு போட்டவர் அறிவார். வயலில் ஒரு பருவம் போகும். கண்டல் காட்டில் போனால், இறாலும் நண்டும் குஞ்சு பொரிக்கிற இடம் பல ஆண்டுக்குப் போய்விடும்.

மீன்களில் ஒரு வித்தியாசம் உண்டு. துடுப்பு மீன்கள் உடம்பில் சேரும் எண்ணெய் நஞ்சை ஓரளவு முறித்து வெளியேற்றி விடுகின்றன. மட்டியும் சிப்பியும் அப்படிச் செய்ய மாட்டாதவை. நஞ்சு அவற்றின் சதையிலேயே நெடுநாள் தங்கும். ஆகவே படகுக்காரர் கடலுக்குத் திரும்பிய பிறகும், வற்று நேரத்தில் கரையில் மட்டி பொறுக்கி அன்றாடக் குழம்புக்குச் சேர்க்கும் பெண்களுக்கு வழி திறக்காது. இவர்கள் பெயர் எந்த மீனவர் பட்டியலிலும் பெரும்பாலும் இருப்பதில்லை.

வைக்கோல் வந்த வழி

கிழக்கு மிண்டோரோ நெல் விளையும் மாகாணம். நவுஹான் வட்டாரம் முழுக்க வயல். தென்னையும் வாழையும் கலமான்சி என்ற சிறு எலுமிச்சையும் உண்டு. எண்ணெய் கரைக்கு வந்ததும் முதலில் கைக்குக் கிடைத்தவை வைக்கோலும் தேங்காய் உரிமட்டையும்தான். அதிக அடி வாங்கிய போலா என்ற ஊரில் மக்கள் வலைக்குள் வைக்கோலையும் மட்டையையும் திணித்து, நீண்ட திண்டு போலக் கட்டி, ஆற்று முகத்திலும் கண்டல் காட்டு ஓரத்திலும் மிதக்க விட்டார்கள். தொழிற்சாலையில் செய்த தடுப்பு மிதவைகள் எல்லாக் கரைக்கும் போதவில்லை. வயல்காரன் வைக்கோல் அங்கே கடல்காரனுக்கு அணையாயிற்று.

இது வேலை செய்யுமா என்று கேட்டால், ஓரளவு செய்யும். வைக்கோலின் மேல்தோலில் மெழுகு போன்ற பூச்சு இருப்பதால் எண்ணெய் அதில் ஒட்டுகிறது. உரிமட்டை நாரும் எண்ணெயைப் பிடிக்கும். ஆனால் இரண்டும் நீரையும் குடிக்கும். சில நாளில் ஊறிக் கனத்து மூழ்கத் தொடங்கும். அதற்கு முன் எடுத்து மாற்றிவிட வேண்டும். எடுத்த வைக்கோலை எங்கே போடுவது என்பதுதான் யாரும் முன்கூட்டி யோசிக்காத கேள்வி. எண்ணெய் குடித்த வைக்கோல் எருக்குழிக்கு ஆகாது. மாட்டின் வாய்க்கு எட்டும் இடத்தில் கிடக்கவும் கூடாது. கொளுத்தினால் புகையே நஞ்சு. வயல் ஓரத்தில் புதைத்தால் கிணற்றுக்கு வரும். தனிப் பீப்பாயில் அடைத்து, அபாயக் கழிவு என்று எழுதி, அதற்கான இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். உதவி செய்யும் அவசரத்தில் கடலின் அழுக்கை நிலத்துக்கு மாற்றிவிடக் கூடாது.

துடைப்பு வேலையில் இன்னொரு தவறும் நடந்தது. கடலுக்குப் போக முடியாமல் வருமானம் இழந்த குடும்பங்களுக்கு அரசு கூலி கொடுத்து அதே கரையைத் துடைக்கச் சொன்னது. கூலி தேவைதான், அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பூச்சிமருந்து அடிப்பவருக்கே முகமூடியும் கையுறையும் வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும் காலத்தில், கனத்த எண்ணெயை அள்ளுபவருக்கு அவை முதல் நாளே கிடைத்திருக்க வேண்டும். கரையோரக் கிராமங்களில் பலருக்குத் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், மூச்சுத் திணறல் வந்தது. கொட்டியவன் ஒருவன், துடைத்தவன் வேறொருவன், நோயும் துடைத்தவனுக்கே என்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை.

கோயில் மணி எதற்கு?

இந்தச் சமயத்தில் மிண்டோரோவின் கத்தோலிக்கச் சபை செய்த வேலை கவனிக்கத்தக்கது. பிலிப்பைன்ஸ் மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். எந்தக் கடலோரச் சிற்றூரிலும் ஒரு சிற்றாலயம் இருக்கும். கலபான் நகரைத் தலைமையாகக் கொண்ட ஆயரின் ஆட்சிப் பகுதி, அரிசியும் மற்ற நிவாரணப் பொருள்களும் திரட்டிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. கப்பலை ஓட்டியவர்களும் சரக்கை அனுப்பியவர்களும் பொறுப்பேற்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டது. அங்கே சமூகப் பணியை நடத்தியவர் எட்வின் கரிகேஸ் என்ற பாதிரியார். வெர்டே நீரிணையைக் காக்க மீனவர் சங்கங்களும் சபைகளும் சூழல் அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் இயக்கத்தின் முன்னணி அழைப்பாளரும் அவரே.

கரிகேஸ் பாதிரியார் இந்த வேலைக்குப் புதியவர் அல்லர். மிண்டோரோ மலையில் நிக்கல் சுரங்கம் வர இருந்தபோது, மங்கியான் பழங்குடி மக்களோடும் கீழ்நாட்டு உழவர்களோடும் நின்று எதிர்த்தவர். மலையைத் தோண்டினால் நெல்லுக்குப் பாயும் ஆறுகள் கெடும் என்பது அன்றைய வாதம். 2009-இல் மணிலாவில் பதினொரு நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2012-இல் அவருக்குக் கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. அன்று மலைக்காக உழவர்கள் எழுந்தபோது பழகிய கைகளே இன்று கடலுக்காக மீனவரோடு சேர்ந்தன. ஆற்றின் தலையும் வாலும் ஒரே உடம்பு என்பதை அந்தத் தீவு மக்கள் பட்டறிவால் கற்றுக்கொண்டார்கள்.

சாமியார்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. எண்ணெய் கொட்டிய முதல் வாரத்தில் அமைச்சர்கள் வருவார்கள், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். மூன்றாம் மாதம் யாரும் வரமாட்டார்கள். நஷ்டஈட்டு வழக்கோ ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அவ்வளவு காலமும் ஊரில் இருப்பது, ஞாயிறுதோறும் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்ப்பது, படித்தவன் படிக்காதவன் இருவரும் நம்பிப் பேசுவது எதுவோ அதற்குத்தான் இந்த வேலை பொருந்தும். அது ஆலயமாக இருக்கலாம், பள்ளிவாசலாக இருக்கலாம், ஊர்க் கோயிலாக இருக்கலாம். ஆனால் ஆலயத்தால் தண்ணீரைச் சோதித்துச் சொல்ல முடியாது. மீன் தின்னலாமா என்பதை ஆய்வுக்கூடமே சொல்ல வேண்டும். அதை நாள் தவறாமல் சொல்ல வேண்டியது அரசு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் இரண்டுமே கெடும்.

எடுத்துக்காட்டாக ஒன்று. நீரிணையின் வடகரையில் பட்டாங்காஸில் திரவ எரிவாயு இறக்கும் முனையங்கள் வருகின்றன. அந்த நாட்டுக்கு வந்த முதல் திரவ எரிவாயுச் சரக்கு 2023 ஏப்ரலில், அதாவது தெற்கே எண்ணெய் கசிந்துகொண்டிருந்த அதே வாரங்களில், இங்கேதான் வந்து சேர்ந்தது. மீனவர்களும் சபைகளும் இதையும் எதிர்க்கிறார்கள். எதிர்ப்பதற்குக் காரணம் உண்டு. கப்பல் நடமாட்டம் கூடும், கரையை ஆழப்படுத்துவார்கள், மின்நிலையத்துச் சூட்டு நீர் கடலில் விழும். ஆனால் திரவ எரிவாயு கொட்டினால் உலை எண்ணெய் போலக் கரையில் ஒட்டாது, ஆவியாகிவிடும். இரண்டும் ஒரே ஆபத்து என்று மேடையில் சொல்லிவிட்டால், மறுநாள் எதிர்த் தரப்பு வல்லுநர் அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு மீனவர் சொன்ன மற்ற உண்மைகளையும் தள்ளிவிடுவார். இயக்கம் நடத்துபவர்கள் இதில் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

பிலிப்பைன்ஸ் ஆயர்கள் எல்லாரும் சேர்ந்து 2022 ஜனவரியில் ஒரு சுற்றுமடல் விட்டார்கள். நிலக்கரி, எரிவாயு, சுரங்கம் போன்ற தொழில் நடத்துபவர்களிடமிருந்து எந்த வகை நன்கொடையும் சபை ஏற்பதில்லை என்றும், சபையின் பணம் அப்படிப்பட்ட தொழிலுக்குக் கடன் கொடுக்கும் இடங்களில் 2025-க்கு மேல் இருக்கக் கூடாது என்றும் அதில் சொன்னார்கள். சொன்னபடி எல்லாப் பங்குகளும் நடக்கின்றனவா என்பது வேறு விஷயம். சொன்னதே பெரிது. ஆற்றில் சாயத்தை விடும் முதலாளி அதே ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தால், அடுத்த ஊர்க்கூட்டத்தில் தண்ணீரைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்? பந்தல் செலவு சில ஆயிரம். அதற்கு அவர் வாங்குவது ஊரின் வாய்.

நஷ்டஈடு யாருக்குக் கிடைக்கும்?

எண்ணெய்க் கப்பல் விபத்துக்கு நஷ்டஈடு தர உலக அளவில் 1992-ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் இரண்டு உள்ளன. முதலில் கப்பல் உரிமையாளரின் காப்பீடு ஒரு வரம்பு வரை கொடுக்கும். அதற்கு மேல் போனால், கடல் வழியாக எண்ணெய் வாங்கும் கம்பெனிகள் செலுத்தும் சந்தாவிலிருந்து அமைந்த சர்வதேச நிதி கொடுக்கும். பிலிப்பைன்ஸும் இதில் உறுப்பு நாடு, இந்தியாவும் உறுப்பு நாடு. கப்பலுக்கு உரிய ஓட்ட அனுமதி இல்லை என்று அந்நாட்டுக் கப்பல் துறை செனட் விசாரணையில் சொன்னபோதும், பாதிக்கப்பட்ட மீனவர் இந்த நிதியில் கேட்க வழி இருந்தது. அது நல்ல ஏற்பாடு.

ஆனால் நிதி இரக்கத்தின் பேரில் கொடுப்பதில்லை. இன்ன எண்ணெயால் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை இவ்வளவு வருமானம் போயிற்று என்று காட்ட வேண்டும். நஷ்டம் நேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் தீர்வு காணாவிட்டால் வழக்குத் தொடர்ந்தாக வேண்டும். தவறினால் உரிமை போய்விடும். மீன்பிடித் தடையால் கரையில் உட்கார்ந்த மீனவர் எண்ணிக்கை 18,000-க்கு மேல் என்று அன்று அரசுத் தரப்பிலேயே கணக்குச் சொன்னார்கள். இவர்களில் எத்தனை பேர் பிடித்த மீனுக்குச் சீட்டு வைத்திருப்பார்கள்? படகுப் பதிவு உள்ளவர், மீன் வாங்குபவரிடம் கணக்கு வைத்திருப்பவர் முன்னால் போவார். கூலிக்கு வலை இழுத்தவர், கருவாடு காயவைத்தவர், மட்டி பொறுக்கியவர் பின்னால் நிற்பார்.

இது தமிழக விவசாயிக்குப் புரியாத விஷயம் அல்ல. வெள்ளத்தில் பயிர் போனால் நிவாரணம் பட்டாதாரர் பெயரில் வருகிறது. வாய்மொழிக் குத்தகைக்கு உழுதவர், அடங்கலில் பெயர் ஏறாததால் கைகட்டி நிற்கிறார். அங்கே கடலில் நடப்பதும் அதுவே. ஆலயங்களில் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் நூற்றாண்டுக் கணக்கில் பதிவேடு வைக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒவ்வொரு வீட்டின் தொழிலையும் வருமானத்தையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பது கடினமல்ல. விபத்துக்கு முன்பே எழுதியிருந்தால் அதன் மதிப்பே தனி. மிண்டோரோ அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வைக்கோல் திண்டைக் காட்டிலும் இதுதான்.

2024 ஜூலை 25-ஆம் தேதி மணிலா வளைகுடாவில் 'டெர்ராநோவா' என்ற இன்னொரு கப்பல் 14 லட்சம் லிட்டர் உலை எண்ணெயோடு மூழ்கியது. ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டாவது. இத்தகைய கப்பல்களை நீரிணையின் முக்கிய இடங்களிலிருந்து விலக்கி ஓட்ட வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. அதே நாட்டின் துப்பத்தாஹா பவளத்திட்டு 2017-இல் பெரிய கப்பல்கள் ஒதுங்கிப் போக வேண்டிய பகுதியாக உலகக் கடல் அமைப்பால் ஏற்கப்பட்டது. முன்மாதிரி அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது.

தமிழகக் கரைக்கும் இந்தக் கதை தூரமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் வந்து படிந்தது. படகு, வலை, கண்டல் மரம், வீட்டுச் சுவர் எல்லாம் கறுத்தன. அங்கும் கையாலும் வாளியாலும் மீனவர்களே அள்ளினார்கள். ஆனால் ஒரு வேற்றுமையை அறிந்திருக்க வேண்டும். அந்த எண்ணெய் நிலத்திலிருந்து வந்தது. மேலே சொன்ன சர்வதேச நிதி எண்ணெய்க் கப்பலிலிருந்து கொட்டினால்தான் கொடுக்கும். நிலத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்தால் உள்நாட்டுச் சட்டமும் பசுமைத் தீர்ப்பாயமும்தான் வழி. இரண்டு வழியிலும் கேட்கப்படும் சான்று ஏறத்தாழ ஒன்றே.

கழிமுகத்தை ஒட்டி நெல்லும் இறாலும் வைத்திருப்பவர்கள், மட்டி எடுக்கும் பெண்கள், கூலிக்கு வலை இழுப்பவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தேதி, கிடைத்த எடை, விற்ற விலை, வாங்கியவர் பெயர் என்று நான்கு கட்டம் போட்டால் போதும். வாரம் ஒருமுறை வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கத்திலோ கோயிலிலோ ஒருவர் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கலாம். நோட்டின் ஒரு படியை வீட்டில் வைக்காமல், வெள்ளம் ஏறாத வேறு இடத்தில் வைக்க வேண்டும்.